எண்ணெய்க்குக் கொடுத்த காசு

நாகலெட்சுமிக்குக் கோபம் வந்தால் மேல் லயத்து வரிசை வீடுகளின் நாய்கள்கூடக் குரைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்கும் என்று வட்டவளைக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் சொல்வார்கள். சொல்வதில் தப்பே இல்லை. கொழுந்து நிறுக்கிற மடுவத்துத் தராசு குறைத்துக் காட்டுகிறது என்று ஒரு நாள் அந்தத் தராசுக்குக் கீழேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, வேறு தராசு வருகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன் என்று மலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவுக்கே வியர்க்க வைத்தவள் அவள். தராசு மாறியது. அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் அன்றைக்கு நிறை கூடியது.

அப்படிப்பட்டவளை ஹட்டன் டவுனில் படி படியாக ஏறி இறங்க வைத்தது ஒரு பழைய மாருதி காரின் இன்சூரன்ஸ்.

அந்தக் கார் சும்மா வந்ததில்லை. வருஷக்கணக்காகக் குவைத்தில் யார் யார் வீட்டுக் குளியலறையையோ தேய்த்துத் தேய்த்துச் சேர்த்தது. ஊருக்கு வந்ததும் வீட்டுக்கு டைல்ஸ் போடவில்லை, கழுத்துக்குச் சங்கிலி வாங்கவில்லை, மகன் தனுஷனுக்குக் கார் வாங்கினாள். ஊரே வாயில் கைவைத்தது. அவளுக்கு அதற்கு ஒரே ஒரு காரணம்தான். அவளுடைய புருஷன் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை என்று போனவன், அங்கேயே வேறொருத்தியோடு குடும்பம் நடத்தத் தொடங்கி, இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. தோட்டத்துப் பயல்கள் எல்லாரும் பரீட்சை முடிந்த கையோடு கொழும்புக் கடைகளுக்குத்தான் போகிறார்கள். தனுஷனுக்கும் கூப்பிட ஆள் இருந்தது.

"கொழும்பு ஒருத்தன முழுங்கிருச்சு. இன்னொருத்தனக் குடுக்க மாட்டேன்" என்றாள் நாகலெட்சுமி. "கார் வாங்கித் தாறேன். இங்கயே ஓட்டிப் பொழச்சுக்க."

பயலுக்கு இருபது வயது. கை சுத்தம். கராஜ் வைத்திருந்த கணேசமூர்த்தி பாஸின் லொறியில் ஏறி இறங்கிப் பழகியவன், லைசனை முதல் தடவையிலேயே எடுத்துவிட்டான். மிச்சமிருந்தது இன்சூரன்ஸ் ஒன்றுதான். அது என்ன, ஒரு அரை மணி நேர வேலை என்று நினைத்துக்கொண்டுதான் நாகலெட்சுமி டவுனுக்கு பஸ் ஏறினாள்.

முதல் ஆபீஸில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்பிள்ளை சிரித்த முகமாகத்தான் பேசியது. யார் ஓட்டப்போகிறார்கள் என்று கேட்டது. மகன் என்றாள். வயது கேட்டது. இருபது என்றாள். சிரிப்பு பாதியாகக் குறைந்தது. சொந்தப் பாவனையா, வாடகைக்கு ஓடுகிற ஹயரா என்று கேட்டது. ஹயர் என்றாள். எந்த ரோட்டில் ஓடும் என்று கேட்டது. தோட்ட ரோட்டில் என்றாள். அதற்குப் பிறகு சிரிப்பே இல்லை. அது சொன்ன விலையைக் கேட்டு நாகலெட்சுமி, காரின் விலையைச் சொல்கிறாயா, இன்சூரன்ஸின் விலையைச் சொல்கிறாயா என்று கேட்டாள்.

அடுத்த ஆபீஸிலும் அதே கதை. அதற்கடுத்ததிலும் அதே கதை. இருபது என்ற சொல்லைக் கேட்டதும் முகத்தைத் தூக்கி அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள், பின்னால் யாரோ கத்தியோடு நிற்கிற மாதிரி. கடைசியில் ஒருவன், "வயசுப் பொடியன்மார்தான் கூட அடிபடுறாங்க அம்மா, அதான் கணக்கு" என்றான்.

"எம்மகன் எங்க அடிபட்டான்? எந்த ரோட்டுல? காட்டுங்க பாப்பம்."

"ஒங்க மகனச் சொல்லல. பொதுவாச் சொன்னேன்."

"பொதுவா ஓட்டப் போறது யாரு? அவன்தானே ஓட்டப் போறான். ஓட்டுறதுக்குத்தான் கேக்குறேன். ஆளக் கொல்றதுக்குக் கேட்ட மாதிரிப் பாக்குறீங்க."

அவளுக்கு அந்த இடத்தில் குவைத் ஞாபகம் வந்தது. அங்கே மேடத்தின் மகன், மீசை முளைக்காத பயல், புதுக் காரைக் கொண்டுபோய் விளக்குக் கம்பத்தில் சாத்திவிட்டு வந்தான். அடுத்த வாரம் அதைவிடப் பெரிய கார் வாசலில் நின்றது. அவனுடைய வயதை யாரும் கேட்கவில்லை. காசு இருக்கிறவனுக்கு வயதே ஆகாது போலிருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினாள்.

இப்படிக் கொதித்துக்கொண்டு நடந்தவளைத்தான் பிரதீபன் பிடித்தான். பஸார் தெருவில் துணிக்கடை வைத்திருக்கிற குடும்பத்துப் பையன். தகப்பனுடைய கடையிலேயே ஒரு மூலையில் மேசை போட்டு இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேலை பார்த்தான். தீபாவளிக்குச் சேலை எடுக்கப் போன பழக்கம் அவளுக்கு. கதிரை இழுத்துப் போட்டு, பிளேன் டீ வரவழைத்துக் கொடுத்து, முழுவதையும் பொறுமையாகக் கேட்டான்.

"அக்கா, நீங்க உண்மையச் சொல்லித்தான் கெட்டுப்போயிருக்கீங்க" என்றான். "ஹயர்னா வெல கூடத்தான் செய்யும். அதுல இருபது வயசு. சொந்தப் பாவனைன்னு போட்டா பாதியில முடிச்சுத் தாறேன்."

"ஆளுங்கள ஏத்தணுமே தம்பி."

"பக்கத்து வீட்டு ஆள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது ஹயரா அக்கா? அது புண்ணியம். எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க." பேனையை மூடித் திறந்துகொண்டே இன்னொன்றும் சொன்னான். "ஒங்களுக்கு ஒரு லைசன் இருந்து, ஓட்டுறது நீங்கன்னு போட்டா இன்னுங் கொறையும். ஒங்க வயசுன்னா கம்பனி கண்ண மூடிக்கிட்டுக் குடுக்கும்."

"நான் சைக்கிள்கூட ஓட்டுனதில்ல" என்று சிரித்தாள் நாகலெட்சுமி. அந்த வாரத்தில் அவள் சிரித்தது அது ஒன்றுதான். சொந்தப் பாவனை என்று போட்டு, காசைக் கட்டிவிட்டு வந்தாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

கார் ஓடியது. நன்றாகவே ஓடியது. தோட்டத்தில் வாடகை என்று யாரும் பேச மாட்டார்கள். ஒருவரை டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனால், மறுநாள் அந்த வீட்டிலிருந்து யாராவது வெற்றிலை பாக்கோடு வருவார்கள். வெற்றிலைக்குள் காசு மடித்திருக்கும். "எண்ணெய்க்கு" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போவார்கள். எவ்வளவு என்று கேட்பதும் இல்லை, இவ்வளவு என்று சொல்வதும் இல்லை. கொடுக்காமல் விட்டவர்களுடைய பெயர் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் நாறிப்போகும். வேண்டாம் என்று தனுஷன் மறுத்தாலோ, எங்களை என்ன பிச்சைக்காரர்கள் என்று நினைத்தாயா என்று சண்டைக்கு வந்துவிடுவார்கள். அந்தக் காசு பெட்ரோல் எண்ணெய் அடித்தது போக அடுப்புக்கும் மிஞ்சியது. மனசாட்சிக்கு அது புண்ணியம், வயிற்றுக்கு அது ஹயர். நாகலெட்சுமி மனசாட்சியைத்தான் கேட்டுக்கொண்டாள். நாமும் அதைத்தானே செய்வோம்.

லயத்தில் அடுத்த காம்பரா வீட்டில் இருந்தவள் பேச்சியம்மா. அவளுடைய ரோஷத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. அவளுடைய புருஷனை மலையில் குளவி கொட்டியபோது, கொழுந்து லொறியில்தான் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். அந்த லொறிக்காரன் வழியில் நிறுத்தி நிறுத்திக் கொழுந்து ஏற்றினான். சீக்கிரம் போகச் சொல்லிப் பேச்சியம்மா கெஞ்சினாள். "ஓசியில வாறவளுக்கு என்னா அவசரம்" என்றான் அவன். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனபோது புருஷனுக்கு உயிர் இல்லை. அந்த லொறிக்காரன் இப்போது எங்கே இருக்கிறானோ, எங்கே இருந்தாலும் நல்லா இருக்க மாட்டான். அன்றிலிருந்து பேச்சியம்மா ஒரு பஸ்ஸில், ஒரு லொறியில், ஒருத்தருடைய ஆட்டோவில் காசு கொடுக்காமல் கால் வைத்தவள் இல்லை.

அவளுடைய மகன் செல்லசாமி கொழும்பில் இருந்தான். மருமகள் லோஜினிக்கு ஒரு மழைக் காலையில் வலி எடுத்தது. தனுஷன் காரை எடுத்தான். ஏறுவதற்கு முன்பே பேச்சியம்மா ஸ்டியரிங்குக்கு முன்னால் காசை வைத்தாள். "நாளைக்குக் குடுக்கலாம் பெரியம்மா" என்றான் பயல். "மொதல்ல புடி, பெறகு வண்டிய எடு" என்றாள்.

மெயின் ரோட்டுக்கு இறங்கி ஹட்டன் பக்கம் திரும்பிய முதலாவது வளைவில், எதிரே வந்த தனியார் பஸ் ஒன்று பனிமூட்டத்துக்குள் இன்னொரு வண்டியை முந்திக்கொண்டு இவர்களுடைய பக்கத்துக்கே வந்துவிட்டது. பள்ளப் பக்கம் திருப்பியிருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். தனுஷன் மலைப் பக்கம் திருப்பினான். சக்கரம் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி, கார் மூக்கால் மண்மேட்டில் முட்டி நின்றது. முன்பக்கம் முழுதும் நசுங்கிப்போனது. பஸ் நிற்காமலே போய்விட்டது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. பின்னால் வந்த வேன்காரர் ஒருவர் மாமியாரையும் மருமகளையும் ஏற்றிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் விட்டார். அவருக்கும் பேச்சியம்மா காசு கொடுத்தாள். மதியத்துக்குள் பெண் குழந்தை பிறந்தது.

இருபது வயதுக்காரன் அவ்வளவு நிதானமாகத் திருப்பியிருக்காவிட்டால் அவனோடு சேர்த்து நாலு உயிர் போயிருக்கும். ஆனால் ரோட்டில் கூடிய அத்தனை பேரும் சொன்னது ஒன்றுதான்: "எளந்தாரிப் பய, வேகமா வந்திருப்பான்." ஓடி வந்து சேர்ந்த நாகலெட்சுமி அவர்களுக்குக் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது.

பின்நேரம் கம்பனியிலிருந்து சேதத்தைப் பார்க்க ஒரு சிங்கள மாத்தயா வந்தார். நல்ல மனிதர். டயர் அடையாளத்தைப் பார்த்து, பயல் மேல் பிழை இல்லை என்று அவரே சொன்னார். வண்டியில் யார் இருந்தார்கள் என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்றான் தனுஷன். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து, வீட்டில் மாற்றுத்துணி எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பேச்சியம்மா பஸ்ஸை விட்டு அங்கேயே இறங்கினாள்.

மாத்தயா அவளைப் பார்த்துச் சிங்களத்தில், நீங்கள்தானா வந்தது, அயலவர்கள் என்று சும்மா ஏற்றிக்கொண்டு வந்தார்களா என்று கேட்டார்.

பேச்சியம்மாவுக்கு 'சும்மா' என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நிக்கங் நெவெய் மாத்தயா, சல்லி துன்னா" என்றாள். சும்மா இல்லை ஐயா, காசு கொடுத்தோம்.

மாத்தயா அவளைப் பார்த்தார், பிறகு தனுஷனைப் பார்த்தார். அவருக்கே மனமில்லை போலத்தான் இருந்தது. ஆனாலும் எழுதிக்கொண்டார்.

இரண்டாம் நாள் பிரதீபன் போன் எடுத்துப் பேசினான். க்ளைம் நின்றுவிட்டது, சொந்தப் பாவனை என்று போட்டுவிட்டு ஹயர் ஓடினால் கம்பனி ஒரு சதமும் தராது என்றான். புண்ணியம் என்று சொன்ன அதே வாய். நாகலெட்சுமி அவனைக் கேட்ட கேள்வியில் அவன் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருப்பான். கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான். ஆபீஸில் பெரியவர் ஒரு முறை கூப்பிட்டு விசாரிப்பார், அந்த அம்மாவைக் கூட்டி வந்து, பயத்தில் உளறிவிட்டேன், காசு எதுவும் கொடுக்கவில்லை என்று சொல்ல வையுங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான்.

போனை வைத்த வேகத்தில் அவள் பேச்சியம்மாவின் வாசலில் போய் நின்றாள்.

"தவள தன் வாயால கெடும்பாங்க. நீங்க ஒங்க வாயால என்னயக் கெடுத்துட்டீங்க. யாரு ஒங்களப் பேசச் சொன்னது?"

"நான் என்னா பொய்யா சொன்னேன்?" பேச்சியம்மாவும் விடவில்லை. "குடுத்தேன், குடுத்தேன்னு சொன்னேன். ஒம்மகன் கையில குடுத்தது செல்லாக் காசா?"

"ஒங்க ரோஷம் எனக்குச் சோறு போடுமா? இன்சூரன்ஸ் காசு வரலன்னா வண்டி எழும்பாது. வண்டி எழும்பலன்னா அவன் கொழும்புக்குப் போறேங்கிறான். கடையில வரச் சொல்லிட்டாங்களாம்."

கொழும்பு என்றதும் பேச்சியம்மா அடங்கிப்போனாள். உள்ளே தொட்டிலில் குழந்தை சிணுங்கியது. பெற்ற தகப்பன் அதை இன்னும் பார்க்கவில்லை, லீவு கொடுக்கவில்லையாம். அவள் தொட்டிலை ஆட்டிவிட்டுத் திரும்பினாள்.

"சரி லெச்சுமி. என்னா சொல்லணும்னு சொல்லு, சொல்றேன்."

ஹட்டன் போகிற பஸ் முழுக்க அவள் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். 'காசு குடுக்கல சார். பயத்துல சொல்லிட்டேன் சார்.' சொல்கிற ஒவ்வொரு தடவையும் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. நாகலெட்சுமி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆபீஸில் விசாரித்தவர் சுந்தரலிங்கம் என்பவர். நம் ஆள்தான், தமிழ்தான், டவுன்காரர். பிரதீபன் ஓரமாக நின்றான். பெண்கள் இரண்டு பேரையும் அவர் உட்காரச் சொல்லவில்லை.

"காசு குடுத்துத்தான் வண்டியில ஏறினீங்களா?"

"இல்ல சார். காசு குடுக்கல."

"அன்னைக்குக் குடுத்தேன்னு சொல்லியிருக்கீங்க."

"பயத்துல சொல்லிட்டேன் சார்."

சுந்தரலிங்கம் சிரித்தார். பேனையை எடுத்தார். வேலை முடிந்துவிட்டது, காசு வரப்போகிறது என்று பிரதீபன் கண்ணாலேயே நாகலெட்சுமிக்குச் சொன்னான். அவர் அந்தப் பேனையை எடுத்த மாதிரியே கையெழுத்துப் போட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"நானும் அதத்தான் நெனச்சேன். தோட்டத்து ஆளுங்க என்னைக்குக் காசு குடுத்து வண்டி ஏறினீங்க? ஓசின்னா சிவனொளிபாத மலைக்கும் ஏறுவீங்க. என்ன, சரிதானே?"

பேச்சியம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமா சார்" என்றாள்.

அந்த 'ஆமா சார்' கேட்டு நாகலெட்சுமி பேச்சியம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். புருஷனை மடியில் போட்டுக்கொண்டு லொறியில் கெஞ்சியவள். அதற்குப் பிறகு ஒரு நாளும் ஓசியில் ஏறாதவள். அவளை இந்தக் கதிரைக்கு முன்னால் நிற்க வைத்து, அந்தச் சொல்லுக்கே ஆமாம் போட வைத்தது யார்? லொறிக்காரன் இல்லை, சுந்தரலிங்கமும் இல்லை. நான்தான், என் பிள்ளைக்காக நான்தான் கூட்டிவந்தேன். அவளுக்கு அவர் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. ஆனால் எதிரே இருந்தது அவர்தானே.

"குடுத்தாங்க" என்றாள்.

சுந்தரலிங்கம் நிமிர்ந்தார். "என்ன?"

"காசு குடுத்தாங்க. வண்டி கெளம்பறதுக்கு முந்தியே குடுத்தாங்க. குடுக்கலன்னு சொல்லச் சொன்னது நானு. எனக்குச் சொல்லித் தந்தது அந்தா நிக்கிறாரே, ஒங்க ஆளு. சொந்தப் பாவனைன்னு போடச் சொன்னதும் அவருதான்." பிரதீபன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். "இந்த மனுசி ஓசியில ஏறுற ஆள் இல்ல. எங்க தோட்டத்துல யாருமே இல்ல. நீங்க குடிக்கிற தேத்தண்ணி மொதக்கொண்டு நாங்க ஒழைச்சுக் குடுத்ததுதான். ஒங்களுக்குத்தான் அது ஓசியா வந்திருக்கு. எழுதுங்க. காசு குடுத்தாங்கன்னு பெருசா எழுதுங்க."

"அப்பிடின்னா க்ளைம் கெடைக்காது. தெரிஞ்சுதான் பேசுறீங்களா?"

"தெரியும். எழுதுங்க."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பேச்சியம்மாவுக்கு வாய் வந்தது. வந்தது என்றால் வந்தது.

"யாரு ஒன்னயப் பேசச் சொன்னது? நாந்தான் குடுக்கலன்னு சொல்லிட்டேன்ல. அவன் பேனாவ எடுத்துட்டான்ல. அந்த ஒரு வார்த்தைக்கு நான் செத்தா போயிருப்பேன்? வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தா என்னாடி கொள்ள போகுது ஒனக்கு? இப்ப மகனுக்கு என்னா சொல்லுவ?"

அதே கேள்வியை நேற்று முன்தினம் அவளிடம் கேட்டவள் நாகலெட்சுமி. கண்டக்டர் வந்தபோது இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுக்கக் காசை நீட்டினாள். பேச்சியம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டுத் தன்னுடைய டிக்கெட்டைத் தானே எடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் எடுத்தாள்.

தனுஷன் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வண்டியைக் கணேசமூர்த்தி பாஸின் கராஜில் விட்டுவிட்டு, மாதாமாதம் காசு அனுப்புகிறேன், கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு, பையில் உடுப்பை அடுக்கினான்.

"வண்டி எழும்புற வரைக்குந்தான்" என்றாள் அம்மா. "அதுக்கு மேல ஒரு நா அங்க நின்ன, நானே வந்து காதப் புடிச்சு இழுத்துட்டு வருவேன்."

"எதுலம்மா வருவீங்க?" என்று சிரித்தான் அவன். விளையாட்டுக்குத்தான் கேட்டான். பஸ் வளைவு திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு அந்தக் கேள்வி மட்டும் காதுக்குள்ளேயே நின்றது. எதுல வருவீங்க.

அடுத்த வாரம் அவள் டவுனில் டிரைவிங் ஸ்கூல் படியேறினாள். யாருக்கு அக்கா, மகனுக்கா என்று கேட்டான் அங்கே இருந்தவன். எனக்கு என்றாள். அவன் சிரித்த சிரிப்பை அவள் மனதில் எழுதி வைத்துக்கொண்டாள். கொழுந்து பறித்து வந்த காலோடு போய் கிளச்சை மிதித்தாள். வண்டி துள்ளியது, இவள் கத்தினாள், சொல்லிக் கொடுத்தவன் பயந்துபோய்க் கதவைப் பிடித்துக்கொண்டான். எழுத்துப் பரீட்சைக்கு லோஜினிதான் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேள்வி கேட்டுக் கேட்டுப் பாடமாக்க வைத்தாள். வண்டி ஓட்டிக் காட்டுகிற ட்ரயலில் முதல் தடவை தோற்றாள். பின்னால் எடுக்கும்போது கம்பத்தைத் தட்டிவிட்டாள். கம்பத்தை யார் அங்கே நடச் சொன்னது என்று சண்டை போட்டுவிட்டு வந்து, அடுத்த தடவை பாஸானாள்.

கராஜில் வண்டி எழும்பியது. அவள் லைசனைக் கையில் பிடித்துக்கொண்டு பிரதீபனுடைய மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். அவன் இந்தத் தடவை கதிரை இழுத்துப் போடவில்லை, அவளே இழுத்துக்கொண்டாள். வேறு ஏஜென்ட் இல்லாமலா போனார்கள்? இவனிடமே உண்மையை எழுதி வாங்க வேண்டும் என்றுதான் வந்தாள்.

"ஹயர்னு போடு. தோட்ட ரோடுன்னு போடு. ஓட்டுறது நான்."

"அக்கா, சொந்தப் பாவனைன்னு..." என்று ஆரம்பித்தவன், அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தை விழுங்கிக்கொண்டான். கணக்குப் பார்த்து விலையைச் சொன்னான். அன்றைக்குத் தனுஷனுக்கு ஹயர் என்று கேட்டதில் பாதிகூட வரவில்லை. ஆனால் ஒன்று, நீங்கள் மட்டும்தான் ஓட்டலாம், மகன் ஸ்டியரிங்கைத் தொட்டால் கம்பனி பொறுப்பில்லை என்றான்.

விலை குறைந்ததற்கு எந்த மனுஷியாக இருந்தாலும் சந்தோஷப்படுவாள். நாகலெட்சுமிக்கு அங்கேயே பற்றிக்கொண்டு வந்தது.

"நேத்து லைசன் எடுத்தவ நானு. கம்பத்த இடிச்சவ. எனக்குக் கொறவு. மூணு உசுரக் காப்பாத்துன பயலுக்குக் கூட. இந்தக் கணக்கப் போட்டவன் எவன் தம்பி? அவன் ஒரு நா எங்க ரோட்டுல எம்மகன் ஓட்டுற வண்டியில ஏறணும். பெறகு நான் ஓட்டுற வண்டியிலயும் ஏறணும்."

பிரதீபன் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தான்.

முதல் ஹயர் பேச்சியம்மாவுடையது. செல்லசாமிக்கு லீவு கிடைக்கவில்லை, பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், கொழும்புக்குப் போகலாமா என்று கேட்டாள். வண்டி எடுப்பதற்கு முன்பே ஸ்டியரிங்குக்கு முன்னால் காசை வைத்தாள். நாகலெட்சுமி எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கினிகத்தேனை வளைவுகளில் பின்னால் வந்த பஸ்காரன் எல்லாம் ஹோர்ன் அடித்தான். அவிசாவளை தாண்டும் வரைக்கும் அவள் யாருக்கும் வழி விடவில்லை. லோஜினி கண்ணை மூடிக்கொண்டாள், பேச்சியம்மா கதிர்காமக் கந்தனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள்.

லோஜினியையும் பிள்ளையையும் செல்லசாமியிடம் விட்டுவிட்டு, பேச்சியம்மா துணைக்கு வர, புறக்கோட்டையில் தனுஷன் வேலை செய்கிற கடைக்கு முன்னால் காரை நிறுத்தினாள். பாதி ரோட்டை மறித்துத்தான் நிறுத்தினாள். ஹோர்னில் வைத்த கையை எடுக்கவில்லை. கடைக்குள் இருந்த அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். தோளில் துணிக்கட்டோடு வெளியே வந்த தனுஷன் முதலில் காரைப் பார்த்தான், பிறகு உள்ளே யார் என்று பார்த்தான். மெலிந்துபோயிருந்தான். துணிக்கட்டை வாசலில் அப்படியே இறக்கி வைத்துவிட்டு நின்றான்.

"கராஜ்ல பாஸ் ஆள் தேடுறாரு" என்றாள் அம்மா. "சம்பளம் பேசிட்டேன். பையத் தூக்கிட்டு வா."

கடை முதலாளி உள்ளேயிருந்து, சீசன் நேரம், ஆளைக் கூட்டிக்கொண்டு போனால் எப்படி என்று ஏதோ சொன்னார். அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பில் போடப் போய்விட்டார்.

பயல் பையோடு ஓடி வந்தான். முகமெல்லாம் பல். பழக்கம் விடுமா, நேரே வந்து ஓட்டுகிற பக்கக் கதவைத் திறந்து, சாவிக்குக் கையை நீட்டினான். பின்னால் ஏழெட்டு வண்டிகள் கத்திக்கொண்டிருந்தன. நாகலெட்சுமி அந்தக் கையைப் பார்த்தாள். துணி தூக்கித் தூக்கி விரலெல்லாம் வெடித்திருந்தது. கதவை இழுத்துச் சாத்தினாள்.

"அந்தப் பக்கம் போயி ஏறு" என்றாள். "இன்சூரன்ஸ் எம் பேருல இருக்கு."